ஹேண்டில்பாரில் நாலு கோடு

காக்கித் துணிக்கு ஒரு வாசனை உண்டு. கடையில் வாங்கும் புதுத் துணிக்கு இல்லை. பல வருசம் டீசலிலும் வியர்வையிலும் ஊறி, இனி எந்தச் சோப்புக்கும் அடங்கமாட்டேன் என்று ஆகிவிட்ட பழைய காக்கிக்கு. போன வாரம் அரியலூரில் அக்கா வீட்டுப் பரணில் ஏறி ஒரு நீள மூட்டையை இழுத்தபோது, மூட்டைக்கு முன்னால் அந்த வாசனைதான் இறங்கி வந்தது.

கீழே வைத்து அவிழ்த்தேன். மாமாவின் யூனிபார்ம் பேண்ட். மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர், அரசு பஸ் டிரைவர். பேண்ட்டின் ஒரு காலுக்குள் மோட்டார் சைக்கிள் ஹேண்டில்பார் ஒன்று நுழைந்திருந்தது. இன்னொரு காலை அதன்மேல் சுற்றிச் சணலால் கட்டியிருந்தது. கட்டிப் பரணில் போட்டவன் நான்தான். ஏழு வருசத்துக்கு முன்னால், கம்பெனி மாட்டி அனுப்பிய இந்தப் பார் ஆகாது என்று கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டினோம். கழற்றியதைத் தூக்கிப் போட மாமாவுக்கு மனசு வரவில்லை. "இருந்துட்டுப் போவட்டும் மாப்ள, சோறா கேக்கப்போவுது" என்றார்.

இப்போது அதற்கு வேலை வந்துவிட்டது. மாமா இறந்து ஆறு வருசமாகிறது. அவருடைய வண்டி அக்கா வீட்டு வாசலில் தார்ப்பாய்க்கு அடியில் அத்தனை நாளும் நின்றது. "யாராச்சும் ஓட்டட்டும்டா தம்பி. நின்ன எடத்துலயே அது துருப்புடிக்கிறத தெனமும் பாக்க முடியல" என்று அக்கா போனில் சொன்னாள். தா.பழூர்ப் பக்கத்து ஆசிரியர் ஒருவர் வந்து பார்த்தார். எஞ்சின் பிடித்தது, டேங்க் பிடித்தது. ஹேண்டில்பாரைப் பார்த்ததும்தான் மூக்கைச் சுளித்தார். "இது என்னங்க, மாட்டுக் கொம்பாட்டம் இருக்கு? கம்பெனி பாரு இருந்தா மாட்டிக் குடுங்க, எடுத்துக்கறேன்." அதனால் பரண் ஏறினேன். மூட்டையைப் பின்சீட்டில் கட்டிக்கொண்டு, அந்தக் கொம்புப் பாரை வாங்கிய பெரம்பலூர்க் கடைக்குக் கிளம்பினேன். புதுப் பேட்டரியும் புதுப் பெட்ரோலும் போட்டதில், ஆறு வருசத் தூக்கம் கலைந்த வண்டி இரண்டு இருமல் இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது.

அந்த வண்டியில் ஏதோ சரியில்லை என்று ஊர் எல்லையைத் தாண்டும்போதே பட்டது. ஹேண்டில்பார் நெஞ்சோடு வந்து ஒட்டிக்கொண்டு நின்றது. முழங்கைகளை வைக்க இடமில்லாமல் விலாவில் இடித்துக்கொண்டே ஓட்டினேன். நான் மாட்டியபோது இவ்வளவு கிட்டே இல்லையே என்று யோசித்தேன். பிறகு குனிந்து என் வயிற்றைப் பார்த்தேன். ஏழு வருசத்தில் அது அடைந்திருக்கும் முன்னேற்றத்தை நினைத்து, பாரைக் குற்றம் சொல்வது நியாயமில்லை என்று விட்டுவிட்டேன்.

முதல் வேலை கிடைத்து நான் அரியலூருக்கு வந்த நாட்களை உங்களுக்குச் சொல்ல வேண்டும். சிமெண்ட் ஆலை ஒன்றில் லேப் வேலை. சுண்ணாம்புக்கல்லைப் பொடித்து, சலித்து, சோதித்து, பொட்டலம் கட்டிப் பேர் எழுதி வைப்பதுதான் நாள் முழுக்க. அதனால் எனக்கு ஒரு வியாதி வந்துவிட்டது: எதைப் பார்த்தாலும் ஓர் அடையாளம் போட்டு வைப்பது. அக்கா வீட்டில்தான் தங்கியிருந்தேன். அவள் அடுப்படி டப்பாக்களில் எல்லாம் துண்டுக் காகிதம் ஒட்டி, 'து.பருப்பு – 1', 'து.பருப்பு – 2' என்று எழுதி வைத்ததற்கு, "ஏண்டா, எனக்குப் பருப்பு தெரியாதா?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அந்த ஊர்க் கல்லை உடைத்தால் சில சமயம் உள்ளே சங்கு இருக்கும். சுருண்ட நத்தை ஓடு கல்லாகிக் கிடக்கும். ஒன்றை மாமாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப இங்க கடல் இருந்துச்சா மாப்ள?"

"இருந்துச்சாம் மாமா. எல்லாரும் சொல்றாங்க."

"அம்மாந் தண்ணியும் எங்க போச்சு?"

அவருக்கு எப்போதும் தண்ணீர்தான் யோசனை. அரியலூர் தஞ்சாவூர் வழியில் பஸ் ஓட்டினார். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை திருமானூர் தாண்டிக் கொள்ளிடம் பாலத்தில் ஏறி இறங்குவார். வருசத்தில் பெரும்பகுதி கீழே மணல்தான். ஆடியில் மேலே அணை நிரம்பித் திறந்துவிட்டால் ஒரு நாள் காலையில் பாலத்துக்கு அடியில் கலங்கல் தண்ணீர் ஓடும். பஸ்ஸை மெதுவாக்கி எட்டிப் பார்ப்பார். கண்டக்டர் விசில் ஊதுவார். மாமாவின் வாழ்க்கையில் பெரிய குறையே அந்த விசில்தான். "இருவது வருசமா ஒருத்தன் ஊதுனா நிக்கிறேன், ஊதுனா போறேன். ஒரு தடவ எனக்கா தோணுற எடத்துல நின்னு, எனக்கா தோணுறப்ப கெளம்பணும் மாப்ள."

அதற்காகத்தான் அந்த வண்டியை வாங்கினார். தொலைதூரம் போவதற்கென்றே செய்தது. பெரிய டேங்க், அகலமான சீட், பின்னால் பெட்டி மாட்டக் கம்பிகள். திட்டம் இதுதான்: ஆடிப்பெருக்கு சமயத்தில் திருமானூர்ப் பாலத்திலிருந்து கிளம்பி, தண்ணீர் வரும் திசைக்கு எதிராகவே போய், முக்கொம்பு, மேட்டூர் எல்லாம் தாண்டி, குடகு மலையில் தலைக்காவிரி வரை. அங்கே ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பி வந்து கொள்ளிடத்தில் ஊற்றுவது. "அது ஆடி அசைஞ்சு வந்து சேர்றதுக்குள்ள நாம கொண்டாந்து ஊத்திடணும். ஆறா நானான்னு பாத்துடுவோம்" என்பார். சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். நான் பின்னால் உட்கார்ந்து வருவதாகவும், அவருக்குக் கை ஓய்ந்தால் மாற்றி ஓட்டுவதாகவும் ஏற்பாடு.

வண்டி வந்து ஒரு மாதத்தில் இடது தோள் வலிக்கிறது என்றார். காரணம் எங்கள் இரண்டு பேருக்கும் உடனே தெரிந்துவிட்டது. அவர் கைகள் பஸ் ஸ்டியரிங்குக்குப் பழகியவை. அகல விரித்து, முழங்கையை மடக்கி, மடியில் தாம்பாளம் வைத்திருப்பதுபோல் உட்கார்ந்து இருபது வருசம் ஓட்டியவர். இந்தப் பாரோ குறுகலாக, முன்னால் தள்ளி இருந்தது. எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது. தோள் வலிக்காமல் என்ன செய்யும்? பாரை மாற்றிவிட்டால் தீர்ந்தது.

மறுநாள் பஸ் டிப்போவில் நின்ற நேரத்தில், மாமா ஒரு சணல் கயிற்றை எடுத்து ஸ்டியரிங்கின் குறுக்கே பிடித்து, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வார ஓய்வு நாளில் இரண்டு பேரும் பெரம்பலூர் போனோம். வெளிக் கம்பெனி ஹேண்டில்பார்கள், பெட்டிகள், கண்ணாடிகள் எல்லாம் விற்று மாட்டியும் கொடுக்கிற கடை ஜெகபர் பாயுடையது. மாமா கயிற்றை விரித்து, "இந்த அகலத்துக்கு ஒண்ணு குடுங்க பாய்" என்றார்.

பாய் கயிற்றைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். "சார், இந்த அகலத்துக்கு ரூட் பெர்மிட் எடுக்கணும்" என்றார்.

கடைசியில் அந்தக் கயிற்றைவிட நாலு விரல் மட்டும் குறைவாக, உயர்ந்து, பின்னால் வளைந்து வரும் ஒரு பாரை எடுத்துக்கொடுத்தார். "மாட்டித் தரேன், இருங்க" என்றவரிடம், "மாப்ள பாத்துக்குவான், லேப்ல இருக்கான்" என்று மாமா சொல்லிவிட்டார். சிமெண்ட் லேபுக்கும் ஹேண்டில்பாருக்கும் என்ன சம்பந்தம் என்று பாய் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. புகழ்ச்சி யாருக்குத்தான் கசக்கும்?

மாசி மாதத்து ஒரு காலை நேரம், அக்கா வீட்டு வாசலில் வேலையை ஆரம்பித்தேன். பழைய பாரைப் பிடித்திருந்த கிளாம்பின் நாலு போல்ட்டையும் கழற்றி, சுவிட்சுகளையும் லீவர்களையும் இறக்கி, புதிய பாரை உட்கார வைத்தேன். கைப்பிடி ரப்பர் ஏற மறுத்தது. அக்கா அடுப்படியிலிருந்து கொண்டுவந்த தேங்காய் எண்ணெயைத் தடவினேன். வழுக்கிக்கொண்டு ஏறியது. அருமை என்று நினைத்தேன். அது நின்ற இடத்தில் நிற்காமல் சுற்றும் என்பதை மாமா தெருமுனைவரை போய்த் திரும்பிய பிறகுதான் தெரிந்துகொண்டேன். "புடிச்சா கையோட வருது, தலைக்குத் தடவுற எண்ணெயை இதுக்கா தடவுவ?" என்றார். இன்றைக்கும் யாராவது தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றால், எனக்கு எங்கோ ஒரு கைப்பிடி சுற்றுகிறது.

அதைத் துடைத்து ஒட்டிய பிறகு அடுத்த கூத்து. வண்டியை நின்ற இடத்தில் ஸ்டார்ட் செய்து, ஹேண்டிலை இடதுபுறம் முழுக்க ஒடித்தேன். யாரும் முறுக்காமலே எஞ்சின் ஆவென்று கத்தியது. அக்கா கரண்டியோடு வெளியே ஓடிவந்தாள். பார் உயர்ந்துவிட்டது, ஆக்சிலேட்டர் கேபிள் பழைய நீளம்தான். ஒடித்தால் அது இழுபட்டு எஞ்சினை முறுக்கிவிடுகிறது. மறுபடி பெரம்பலூர் போனபோது பாய் சிரிக்காமல் நீளமான கேபிள்களை எடுத்துக் கொடுத்தார். "ரோட்டுல திரும்புறப்ப கத்தியிருந்தா என்னா ஆயிருக்கும் சார்? பாரை மாத்துனா மொதல்ல ஒடிச்சிப் பாக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

எல்லாம் முடிந்து மாமாவை உட்கார வைத்தேன். கிளாம்பைத் தளர்த்தினால் பாரை முன்னும் பின்னும் உருட்டலாம். பின்னால் உருட்டினால் கைப்பிடிகள் நெஞ்சுக்குக் கிட்டே வரும். கண்ணை மூடிக்கொண்டு கைகளை இயல்பாக நீட்டச் சொன்னேன். கைகள் எங்கே வந்து நின்றனவோ அங்கே பாரை உருட்டி இறுக்கினேன். "ஆங், இப்ப சரியா இருக்கு மாப்ள. பஸ்ஸேதான்" என்றார். உடனே என் வியாதி என்னை விடவில்லை. கிளாம்பின் விளிம்புக்கு நேராகப் பாரில் ஆணியால் ஒரு கோடு கீறி, பக்கத்தில் ஒரு புள்ளி குத்தினேன். ஒரு புள்ளி என்றால் முதல் அளவு.

அந்தப் பார் அந்த வழியில் பெயர் வாங்கிவிட்டது. எதிரே வரும் பஸ் டிரைவர்கள் ஒருவருக்கொருவர் கையைத் தூக்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஜன்னல் ஓரமாக வலது கையை லேசாகத் தூக்குவார்கள், அவ்வளவுதான்; அதில் எல்லா விசாரிப்பும் அடங்கிவிடும். மாமா வண்டியில் போகும்போது, கொம்பு விரித்தாற்போல் வரும் பாரைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு எல்லா பஸ்ஸிலிருந்தும் கைகள் எழும். மாமா வலது கையை ஆக்சிலேட்டரில் வைத்துக்கொண்டு இடது கையைத் தூக்குவார். பின்னால் உட்கார்ந்திருக்கிற எனக்கு ஏதோ அமைச்சரோடு போகிற நினைப்பு வரும்.

சித்திரையில் தோள் மறுபடி வலித்தது. "ஒரு விரக்கடை கிட்ட வந்தா தேவலை" என்றார். கிளாம்பைத் தளர்த்தி உருட்டினேன். இரண்டாவது கோடு, இரண்டு புள்ளி. "இப்ப சரியா இருக்கு." தைலம் தேய்த்துக்கொண்டார். முதலில் பார்த்த டாக்டர், தோள் இறுகியிருக்கிறது, பயிற்சி செய்யுங்கள் என்றார். வைகாசியில் கிளட்ச் கனமாக இருக்கிறது என்றார். நான் கேபிளுக்கு எண்ணெய் விட்டேன். சுண்டுவிரல் மரத்துப்போகிறது என்றார். அதிர்வுதான் காரணம் என்று தடித்த கைப்பிடி ரப்பர் வாங்கி மாட்டினேன். எதைச் சொன்னாலும் என்னிடம் ஒரு ஸ்பேனர் இருந்தது.

ஆனி மாதம் ஒத்திகையாக முக்கொம்பு வரை போய்வந்தோம். காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிற இடம். மாமா மதகுக்குப் பக்கத்தில் நின்று, இடது கையை வலது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தார். திரும்பும்போது எதிரே வந்த பஸ்ஸிலிருந்து ஒரு கை எழுந்தது. மாமா தலையை மட்டும் ஆட்டினார். அடுத்த பஸ்ஸுக்கும் தலைதான். நான் அவர் காதோரம் குனிந்து, "என்ன மாமா, பெரிய வண்டி வந்ததும் கை எழும்ப மாட்டேங்குது? திமிரு வந்துடுச்சா?" என்று கேட்டேன்.

மாமா சிரித்தார். "ஆமா மாப்ள, வந்துடுச்சு" என்றார்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன். ஒரு மனிதருக்குக் கை எழும்பவில்லை. நான் அதைக் கிண்டல் செய்திருக்கிறேன். அந்த வாரம் மூன்றாவது கோடு போட்டேன். மூன்று புள்ளி. கைப்பிடி முதல் கோட்டிலிருந்து ஒரு கை அகலம் பின்னால் வந்துவிட்டிருந்தது. ஒரு மனிதரின் கை நான்கு மாதத்தில் இவ்வளவு குறுகுமா என்று லேப்காரனாகிய நான் ஒரு நிமிசம் யோசித்திருக்கலாம். கோட்டைக் கீறினேன், புள்ளி வைத்தேன், ஊதிவிட்டு எழுந்தேன்.

ஆடி பிறப்பதற்குப் பத்து நாள் இருக்கும்போது எனக்கு ராஜஸ்தானில் ஓர் ஆலையிலிருந்து கடிதம் வந்தது. சம்பளம் அதிகம், உடனே சேர வேண்டும். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கடிதத்தையே மாமாவிடம் நீட்டினேன்.

"போயிட்டு வா மாப்ள. ஆறு எங்கயும் ஓடிடாது" என்றார் மாமா.

"அடுத்த ஆடிக்குக் கண்டிப்பா போவலாம் மாமா."

"அடுத்த ஆடிக்குப் போவலாம். நான் வண்டிய ரெடியா வச்சிருக்கேன்."

அங்கே போனபின் வாரம் ஒரு தடவை பேசுவோம். தீபாவளிக்குப் பிறகு டிப்போவில் ஆபீஸ் டியூட்டி போட்டிருப்பதாகச் சொன்னார். "விசிலு தொல்லை இல்ல, ஜாலியா இருக்கேன்" என்றார். தோள் எப்படி இருக்கிறது என்று கேட்டால், "நீ வச்சுட்டுப் போனது அப்புடியே சரியா இருக்கு" என்பார். நம்பினேன். பெருமையாகக்கூட இருந்தது.

மாசியில் அக்கா போன் செய்தாள். திருச்சியில் ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். கோளாறு தோளில் இல்லை. நுரையீரலின் மேல் நுனியில் கட்டி. அது தோளுக்கும் கைக்கும் போகிற நரம்புகளை அழுத்திக்கொண்டு இருந்திருக்கிறது. வலியும் மரத்துப்போனதும் அதனால்தான். காலம் கடந்துவிட்டது என்றார்களாம். ஓடிவந்து பார்த்தேன். கட்டிலில் அவர் பாதியாகக் கிடந்தார். வைகாசியில் போய்விட்டார். அந்த வருசம் ஆடியில் கொள்ளிடத்தில் இரண்டு கரையும் தொட்டுத் தண்ணீர் போனதாகச் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை.

அவருக்கு நுரையீரலில் நோய். நாங்கள் ஹேண்டில்பாருக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த வண்டியே வாங்காமல் இருந்திருந்தால், வலிக்கு வேறு காரணம் தேடியிருப்போம், சீக்கிரமே திருச்சிக்குப் போயிருப்போம் என்று ஆறு வருசமாக நினைக்கிறேன். பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. தெரியாததுதான் உறங்கவிடுவதில்லை.

சரி, கடைக்கு வருவோம். பெரம்பலூரில் ஜெகபர் பாய் கடை இப்போது இரண்டு ஷட்டர் அகலம். கண்ணாடிக் கதவு வந்திருக்கிறது. பாய்க்குத் தாடி நரைத்திருக்கிறது. என்னைத் தெரியவில்லை, பாரைத் தெரிந்தது.

"சணல் கயிறு கொண்டாந்த டிரைவர் சார் வண்டில்ல இது? சார் சௌரியமா?"

சொன்னேன். பாய் கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு, "மௌத்தாயிட்டாரா?" என்று உதட்டுக்குள் ஏதோ ஓதினார். பிறகு அலன் கீயை எடுத்துக் கிளாம்பைக் கழற்ற ஆரம்பித்தார். போல்ட்டுகள் துருவில் முனகிக்கொண்டு வந்தன. கடைசி போல்ட்டு மட்டும் ஏறுமாறாக முறுக்கேறி நின்றது. "யாரோ கோணலா ஏத்தியிருக்காங்க. ஒத்தக் கையில ஏத்துன மாதிரி இருக்கு" என்றார். பாரைத் தூக்கித் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் திருப்பினார்.

"இதென்ன சார் கோடுங்க?"

"நான் போட்ட அளவு பாய். மூணு தடவை மாத்தி வச்சேன்."

"நாலு இருக்கே."

வாங்கிப் பார்த்தேன். ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி. ஆணியால் நேராகக் கீறிய என் கோடுகள். அவற்றைத் தாண்டி, ஒரு நெல்லளவு தள்ளி, நான்காவது ஒன்று. புள்ளி இல்லை. திருப்புளி முனையால் கீறியதுபோல் தடிமனாக, சாய்வாக, நடுவில் ஒரு தடவை சறுக்கி மறுபடி தொடர்ந்திருந்தது. கழற்றும் வரைக்கும் பார் நின்றது அந்தக் கோட்டில்தான். காலையில் என் விலாவில் இடித்ததற்கு என் வயிறு காரணமில்லை.

வெளியே வந்து அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, நான் போனப்பறம் மாமா ஹேண்டில்பாரை மாத்துனாரா?"

"ஆமாடா. பொங்கலுக்கு முந்தி. கையே நீட்ட முடியல அவருக்கு. ஒரு நாள் சாயங்காலம் வா வந்து புடிச்சிக்கன்னாரு. நாந்தான் பாரைப் புடிச்சிக்கிட்டேன். ஒத்தக் கையால முடுக்குனாரு. ஆடிக்கு ரெடியா இருக்கணும்னாரு."

"ஏங்கா எங்கிட்ட சொல்லல?"

"சொல்லாதேன்னுட்டாருடா. அவன் வச்சதே சரியா இருக்குன்னு நெனச்சிக்கிட்டு இருக்கட்டும், புள்ள மனசு ஒடிஞ்சிடுவான்னாரு."

கடைவாசலில், நாலு பேர் பார்க்க, நான் அழுதேன். பாய் உள்ளேயே திரும்பி நின்றுகொண்டார்.

கம்பெனி பாரை மாட்டி முடிக்க முக்கால் மணி நேரமானது. பழைய நீளத்துக்கே வேறு கேபிள்கள், பழைய அகலம். முடித்ததும் பாய் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார்த்தார். எஞ்சின் சத்தமில்லாமல் இருந்தது. மாமாவின் பாரைக் காட்டி, "இது எனக்கு வேணாம் சார், நீங்களே கொண்டுபோங்க" என்றார். அதே காக்கிப் பேண்ட்டுக்குள் நுழைத்து, அதே சணலால் கட்டிக்கொண்டேன். அந்தச் சணலின் இரண்டு முனையிலும் முடிச்சு இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

அரியலூர் ரோட்டில் திரும்பி வந்தேன். மாமாவால் எட்டிப் பிடிக்க முடியாமல் போன பார் இப்போது என் கையில் இருந்தது. தாராளமாக எட்டியது. இரண்டு தோளும் விரிந்து, கைகள் நீண்டு, ஒரு வலியும் இல்லாமல் எட்டியது. அது எனக்குப் பொறுக்கவில்லை. நான்காவது கோட்டில் முழங்கைகளை ஒடுக்கிக்கொண்டு வந்த காலைப் பயணமே மேல் என்று தோன்றியது.

அவர் ஓட்டிய பஸ் இப்போது இல்லை, கழித்துக் கட்டிவிட்டார்கள். கூட ஓட்டியவர்களில் பாதிப் பேர் ஓய்வு பெற்றுவிட்டார்கள், மீதிப் பேர் வேறு டிப்போவுக்குப் போய்விட்டார்கள். காலையில் அந்தக் கொம்புப் பாரோடு வந்தபோதும் ஒரு பஸ்ஸிலிருந்தும் ஒரு கையும் எழவில்லை. எழாததைக்கூட நான் அப்போது கவனிக்கவில்லை.

எதிரே ஒரு அரசு பஸ் வந்தது. ஏனென்று தெரியவில்லை, இடது கையை எடுத்து, மாமா தூக்குவதுபோல் லேசாகத் தூக்கினேன். பஸ் வேகம் குறைந்து என் பக்கத்தில் வந்து நின்றது. டிரைவர் சின்ன வயசு. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, பின்னால் ஒரு தரம் பார்த்துக்கொண்டு, பதறிப்போய்க் கேட்டார்.

"என்னங்க, டயர்ல ஏதாச்சுமா?"

"ஒண்ணுமில்லைங்க. சும்மாதான்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். உள்ளே விசில் ஊதியது. பஸ் கிளம்பிப் போய்விட்டது.